ஆளுக்கொரு நோய்

சைரன் என்பது அந்த ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சுகாதார நிலையத்து ஆம்புலன்சில் இருந்த சைரன் ஒருநாள் கக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. புதிது கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அது யோசித்து முடிக்கும்வரை நோயாளி காத்துக்கொண்டிருப்பானா? டிரைவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "ஊஊய்... ஊஊய்..." என்று தானே கத்திக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தான். அசல் சைரனுக்கு அசையாத கல் லாரிகள்கூட இவன் தொண்டைக்குப் பதறிப்போய்ப் பள்ளத்தில் இறங்கி நின்றன. பக்கத்து ஊரில் ஒரு பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டே பிள்ளையைப் பெற்றுவிட்டாள் என்று டீக்கடை மாமா சொல்வார். டீக்கடை மாமா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். மீதிப் பாதியே ஊர் தாங்காது.

ஊரைச் சுற்றிலும் கல் உடைக்கும் கிரஷர்கள். மலையை வாயில் போட்டு மென்று ஜல்லியாகத் துப்புகிற இயந்திரங்கள். அவை துப்பியது போக மிச்சம் காற்றில். காலையில் கறுப்பு நாய் வாங்கிக்கொண்டு வந்தால் சாயங்காலம் அது வெள்ளை நாய். அந்த ஊரில் யாருக்கு நரைத்திருக்கிறது, யாருக்கு நரைக்கவில்லை என்று கட்டிய பெண்டாட்டிக்கே தெரியாது. துணியை உலரப் போட்டால் விறைத்துப்போய்த் தானாக நடந்து வீட்டுக்குள் வரும். டீயைச் சட்டென்று குடித்துவிட வேண்டும். இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குடித்தால் ஸ்பூனால் வெட்டித்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆகவே ஊர் இருமியது. இருமல் அங்கே நோயில்லை, பேச்சின் ஒரு பகுதி. இருட்டில் வருவது யார் என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவார்கள். மேஸ்திரி இருமினால் தகரத்தை இழுப்பதுபோல. டெய்லர் இருமினால் துணி கிழிவதுபோல. சைரனின் மனைவி இருமினால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். அவள் இளம் வயதிலிருந்து கிரஷர் வாயடியில் நின்று ஜல்லி அள்ளியவள். இப்போது வீட்டுக்குள்ளே அடுப்பிலிருந்து வாசல்வரை வருவதற்கே நடுவில் ஒருமுறை நின்று, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது.

"மகாராணி பவனி வர்றாங்க, எல்லாரும் ஒதுங்குங்க," என்பான் சைரன்.

"ஒதுங்க வேணாம்... கொஞ்சம் காத்து... விடச் சொல்லு," என்பாள் அவள்.

அவள் உயிரை அதுவரை ஓட்டிக்கொண்டு வந்தது டாக்டரம்மா. சுகாதார நிலையத்தின் ஒரே டாக்டர். ஓய்வு பெற வேண்டிய வயது எப்போதோ போய்விட்டது. மாற்று ஆள் வரவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் நீட்டித்து நீட்டித்து, கடைசியில் அவருக்கே முட்டி மடங்காமல், நோயாளி உட்கார வேண்டிய ஸ்டூலில் தன் காலை நீட்டி வைத்துக்கொண்டு, நோயாளியை நிற்க வைத்துப் பார்க்கும் நிலைமை. நடுராத்திரியானாலும் மகாராணிக்கு மூச்சு முட்டினால் தாங்கித் தாங்கி நடந்து வந்துவிடுவார். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு, வண்டி ஒழுங்காக ஓடினால், அரை நாள். வண்டி ஒழுங்காக ஓடிய நாளை யாரும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா போய், வேறு டாக்டரும் வராவிட்டால் தன் மனைவி அந்த அரை நாளைத் தாங்கமாட்டாள். சைரனுக்கு இது தெரியும். எத்தனை பேரை அந்தச் சாலையில் கத்திக் கத்திக் கொண்டுபோய், பாதி வழியில் கத்துவதை நிறுத்தியிருக்கிறான்!

இப்படி இருக்கையில்தான் அரசாங்கத்துக்கு ஒரு நல்ல எண்ணம் உதித்தது. டாக்டரே போகாத ஊர்களுக்கு டாக்டரை உண்டாக்க மானியம். மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் படிப்புச் செலவை அரசாங்கமே கொடுக்கும். பதிலுக்கு அவர்கள் இந்த மாதிரி ஊர்களில் சில மாதம் தங்கி, காய்ச்சல், பேதி, பிரசவம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பழக வேண்டும். பழகின பிறகு, பிடித்திருந்தால், "படிச்சு முடிச்சதும் இங்கேயே வர்றேன்" என்று கையெழுத்துப் போடலாம். பிடித்திருந்தால்தான். கட்டாயம் கிடையாது. அரசாங்கம் அவ்வளவு மரியாதைக்காரர்.

மானியத்தில் முதலில் வந்தது கட்டடம். சுகாதார நிலையத்துக்குப் பின்னால் மாணவர் விடுதி என்று ஒற்றை அறை. அந்த ஊரிலேயே ஜன்னல் முழுசாக மூடுகிற ஒரே அறை அதுதான். ரப்பர் வைத்த ஜன்னல், கண்ணாடி பதித்த பீரோ, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. கட்டிய புதிதில் ஊரே வந்து உள்ளே நின்று, கதவை மூடி, தூசியில்லாத காற்று எப்படி இருக்கிறது என்று மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. "சப்புன்னு இருக்கே," என்றார் டீக்கடை மாமா.

முதலில் வந்த பையன் முதல் குளியலில் வாளித் தண்ணீரின் அடியில் படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்பினான். இரண்டாவது வந்தவன் நல்ல பையன், பொறுமைசாலி. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தான். அரைநாள் கூலி போகுமே என்று ஊரில் யாரும் சாகும்வரை ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. "இங்க கேஸே இல்லையே அண்ணே, போரடிக்குது. ஒண்ணுமே கத்துக்க முடியல," என்று சைரனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

அடுத்து ஒரு பெண் வருவதாகச் சேதி வந்தபோது டாக்டரம்மா சைரனைக் கூப்பிட்டார்.

"இதுதான்பா கடைசி. இந்தப் பொண்ணும் கையெழுத்துப் போடலன்னா என்னையும் அனுப்பிடுவாங்க, இந்த வேலையையும் வேற ஊருக்கு மாத்திடுவாங்க. இடத்தை இழுத்துப் பூட்டிட வேண்டியதுதான்."

"பூட்ட விடுவேனா? நீங்க கவலைப்படாதீங்க. கேஸ் தானே வேணும்? நான் கொண்டு வரேன் கேஸு."

"எங்கேர்ந்து?"

"ஊர்ல ஆளா இல்ல?"

அன்று சாயங்காலமே டீக்கடையில் கூட்டம். சைரன் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். ஏறாமலே அவன் பேசுவது கிரஷரைத் தாண்டிக் கேட்கும், ஆனாலும் ஏறினான்.

"நல்லா கேட்டுக்குங்க. அந்தப் பொண்ணுக்குப் போரடிக்கவே கூடாது. முறை வெச்சு எல்லாரும் வரிசையில நிக்கணும். ஆளுக்கொரு நோய். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக்கூடாது. புதுசு புதுசா யோசிங்க."

"எனக்குத்தான் இருமல் இருக்கே, அதையே சொல்லிடறேன்," என்றார் மேஸ்திரி.

"அதான் கூடாது! உனக்கு இருக்கு, எனக்கு இருக்கு, இந்த நாய்க்கும் இருக்கு. பத்துப் பேர் வந்து பத்துப் பேரும் லொக்கு லொக்குன்னா அந்தப் பொண்ணுக்குச் சலிச்சுடாது? விருந்தாளிக்கு நம்ம வீட்டுப் பழசையா எடுத்து வைப்போம்? இருமலை எல்லாரும் வீட்டுல வெச்சுட்டு வாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு இருமல் கேக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

டாக்டரம்மா காதுக்கும் இது போனது. அவர் தூசியைப் பற்றி மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் சரிதான். தூசியைப் பத்திச் சொன்னா பயந்து ஓடிடுவா. மொதல்ல கையெழுத்துப் போடட்டும். தூசி எங்கயும் போயிடாது," என்றார்.

வந்தவளை ஊர் முதல் பார்வையிலேயே 'சின்ன டாக்டர்' ஆக்கிக்கொண்டது. பேனாவுக்குக் கையும் காலும் முளைத்தது போல ஒல்லியாக ஒரு பெண். வண்டியிலிருந்து இறங்கியதும் கிரஷர்களைத்தான் பார்த்தாள். பிறகு வரவேற்க நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இங்க இருமல் அதிகமா இருக்குமே?"

கூட்டம் கப்சிப் என்றானது. டீக்கடை மாமாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் கிளம்பிவிட்டது. வாயை மூடி, மூக்கை மூடி, கண் வெளியே வர, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய், அந்த இருமலை முழுசாக விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"இருமலா? அப்படின்னா என்னம்மா?"

மறுநாள் தொடங்கியது திருவிழா. கிரஷருக்கு ஒரு வேளை மட்டம் போட்டுவிட்டு, கூலி போனாலும் போகட்டும் என்று, குளித்து முழுகி வரிசையில் நின்றார்கள்.

"முழங்கால்ல பசிக்குதுங்க," என்றார் டெய்லர்.

"முழங்கால்... வலிக்குதா?"

"வலியில்லம்மா. பசி. சாப்பிட்டா அடங்கிடும். வலது முழங்கால் மட்டும்."

மேஸ்திரிக்குத் திங்கட்கிழமைகளில் கழுத்து சின்னதாகியது. முடி வெட்டுகிறவருக்கு வலது காதில் கேட்பது இடது கண்ணில் தெரிந்தது. தபால்காரர் சிரித்தால் தொப்புள் மட்டும் அழுதது. சின்ன டாக்டர் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொருவரையும் படுக்க வைத்து, தட்டி, அமுக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சைரன் அந்தக் குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு ஊஊய் என்று கத்திக்கொண்டே போனான். எல்லாம் நன்றாக இருப்பதாகவே பதில் வந்தது. பேராசிரியர்களுக்குப் போன் போட்டாள். முழங்கால் பசியைக் கேட்ட ஒரு பேராசிரியர் மூன்று புத்தகம் புரட்டிவிட்டு, தனக்கும் லேசாக அப்படித்தான் இருப்பதாகச் சந்தேகப்பட்டாராம்.

ஊருக்கோ அவள்மேல் கொள்ளைப் பிரியம். பிரியத்தில் குணமாகவும் ஆரம்பித்தார்கள். மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கும்போதே மேஸ்திரி, "கழுத்து வந்துடுச்சும்மா, கைராசி!" என்று கத்தினார். கண்ணுக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் தபால்காரருக்குத் தொப்புள் சரியானது. எந்த மருந்துக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை, ஏன் கேட்கிறது என்று ஒரு மண்ணும் புரியாமல் சின்ன டாக்டர் விடிய விடியப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போனது.

"பொண்ணு இளைச்சுட்டாளே," என்றார் டீக்கடை மாமா.

"ஆர்வம் மாமா! கேஸ் மேல அவ்ளோ ஆர்வம்!" என்றான் சைரன்.

இவ்வளவும் யாருக்காக நடந்ததோ அந்த மகாராணி வீட்டுக்குள் இருந்தாள். சைரன் அவளை வெளியே விடவில்லை. வீடு சுகாதார நிலையத்துக்கு எதிர்வரிசை. சின்ன டாக்டர் தெருவில் நடந்தால் போதும், ரேடியோவை ஊர் அதிர வைத்துவிடுவான். செய்தியோ பாட்டோ விவசாயிகளுக்கான உர விளம்பரமோ, இருமல் கேட்காவிட்டால் சரி.

"நானும் ஒரு நாள் அந்தப் பொண்ணுகிட்ட காட்டிக்கறேனே. எல்லாரும் போறாங்க..." என்றாள் அவள், வார்த்தைக்கு வார்த்தை நின்று.

"உன்னைப் பாத்தா பயந்துடுவா. கையெழுத்துப் போடட்டும். அப்புறம் தினமும் உன்னைத்தான் பாக்கப் போறா. வாழ்நாள் பூரா பாப்பா."

"யாரோட... வாழ்நாள்?"

சைரன் ரேடியோவைத் திருகினான்.

கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. சின்ன டாக்டர் டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள். ஸ்டூலில் கால் இருந்ததால் உட்கார முடியவில்லை. சைரன் மருந்து அலமாரியைத் துடைப்பதுபோல் பக்கத்திலேயே நின்றான், துடைத்ததையே துடைத்தான்.

"நான் கண்ணுக்குப் போறேன், மேடம்."

"கண்ணுல என்னம்மா?"

"கண் டாக்டருக்குப் படிக்கப் போறேன். எனக்கு இந்த வேலை வராது, மேடம். கண்ணுன்னா ரெண்டே ரெண்டுதான். லைட் அடிச்சா உள்ள இருக்கறது தெரியும். இங்க ஒரு முழு மனுஷன் வந்து நிக்கறான், எங்க ஆரம்பிச்சு எங்க முடியறான்னே எனக்குப் புரியல. ஒருத்தரைக்கூட என்னால கண்டுபிடிக்க முடியல. எல்லாத்தையும் பாக்கற டாக்டரா இருக்க பெரிய மூளை வேணும். எனக்கு அது இல்ல."

டாக்டரம்மா வாயைத் திறந்தார். சைரனைப் பார்த்தார். சைரன் அலமாரியைப் பார்த்தான். டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து காலை மெல்ல இறக்கி, "உக்காரும்மா," என்றார்.

பஸ் ஏற்றிவிட ஆம்புலன்சில்தான் கூட்டிப்போனான். நோயாளி இல்லாததால் கத்த வேண்டியதில்லை. கத்தாமல் ஓட்டுவது அவனுக்குப் பழக்கமில்லாததால் வாய்க்கு ஏதோ வேலை வேண்டியிருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் உண்மை தானாக வெளியே விழுந்தது.

"சின்ன டாக்டர், டெய்லருக்கு முழங்கால்ல பசின்னாரே..."

"ம். இன்னும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிக்காதீங்க. அது நான் சொல்லிக் கொடுத்தது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மேஸ்திரி கழுத்து?"

"அது அவரே சொந்தமா யோசிச்சது. நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"தொப்புள்?"

"டீக்கடை மாமாவோடது. தபால்காரருக்குக் குடுத்தாரு."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். உங்களுக்குப் போரடிக்கக்கூடாதுன்னு. நீங்க தோத்துப்போகல, தாயே. இல்லாத நோயை எவன் கண்டுபிடிப்பான்? இதைச் சொல்லிட்டா நீங்க மனசு மாறி..."

அவள் சிரித்தாள். வந்த நாள் முதல் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. அவன் நெஞ்சு ஒரு கணம் ஜிவ்வென்று ஏறியது. வண்டியைத் திருப்பலாமா என்று வேகத்தைக்கூடக் குறைத்தான். சிரிப்பு நின்றதும் அவள் கேட்டாள்.

"அப்போ ஊர்ல யாருக்கும் ஒண்ணுமே இல்லையா?"

"இருமல்தான் இருக்கு. அது எல்லாருக்கும் இருக்கறதுதானே."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான். நர்ஸக்கா, மாமா, டாக்டரம்மா. சின்னதுங்ககூட."

"நான் வந்த அன்னிக்கே கேட்டேனே, அண்ணே."

"ஒரே மாதிரி இருமல். உங்களுக்குச் சலிச்சுப்போகும்னு..."

"நான் அதுக்காகத்தான் இந்த ஊரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்." குரலில் கோபம்கூட இல்லை. "கல் தூசி நெஞ்சை என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான் வந்தேன். இத்தனை கிரஷருக்கு நடுவுல ஒருத்தர்கூட இருமலன்னு நான் அதிசயப்பட்டு, இந்த ஊர்ல தூசியால கெடுதல் இல்லன்னு அறிக்கையே எழுதி அனுப்பிட்டேன். மேல இருக்கறவங்க எல்லாம் பாராட்டினாங்க."

"மாத்தி எழுதிடுங்களேன்."

"என்னன்னு? ஊரே சேந்து பொய் சொல்லுச்சு, முழங்கால் பசிக்கு நான் மாத்திரை குடுத்தேன்னா? அப்புறம் என்னை எவன் டாக்டராக்குவான்?"

கல் லாரி ஒன்று எதிரே வந்தது. வழக்கமில்லாத வழக்கமாகச் சைரன் ஒதுங்கி நின்றான். அது கிளப்பிய தூசி கண்ணாடி முழுக்கப் படிந்தது.

"வண்டியைத் திருப்புங்க," என்றாள் திடீரென்று. "நான் தெருவுல நடந்தாலே ரேடியோ போட்டு மறைச்சீங்களே, அது யாரு?"

சைரனின் வீட்டுக்குள் அவள் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு குனிந்தபோது மகாராணி எழுந்து உட்கார முயன்றாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். முகமெல்லாம் கூச்சம்.

"எங்கிட்ட புதுசா... ஒண்ணும் இல்லம்மா. வெறும் இருமல்தான்... தப்பா நினைச்சுக்காதீங்க."

சின்ன டாக்டர் அவளைத் திரும்பி உட்கார வைத்தாள். முதுகில் மேலிருந்து கீழாக, வலதும் இடதுமாக, விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டாள். அந்தக் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. எங்கே வைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. முடித்துவிட்டு ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளியைப் பார்த்தாள். அதன் வழியாக வெயில் ஒரு பலகை மாதிரி இறங்கியிருந்தது. பலகை முழுக்கத் தூசி.

"உள்ள போன கல்லை வெளிய எடுக்க மருந்து கிடையாது," என்றாள். "இனிமே போகாம பாத்துக்கலாம். அவ்வளவுதான் செய்ய முடியும். ஜன்னல் நல்லா மூடற ரூம் வேணும்."

பைக்குள் கையைவிட்டு விடுதிச் சாவியை எடுத்துச் சைரன் கையில் வைத்தாள்.

"இதை ஆபீஸ்ல ஒப்படைக்கணும். தொலைச்சுட்டேன்னு சொல்லிக்கறேன்."

"நீங்க இருந்துடுங்களேன், தாயே. கால்ல வேணாலும் விழறேன்."

"இருந்து என்ன பண்ண? நாளைக்கே நீங்க நெஞ்சு வலிக்குதுன்னு வந்து நின்னாலும், இது யார் யோசிச்சதுன்னுதான் எனக்குத் தோணும். அப்படி ஒரு டாக்டர் உங்களுக்கு வேணாம், அண்ணே."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அவள் கழற்றி மாட்டிய வெள்ளைக் கோட்டு விடுதி அறையின் கொக்கியிலேயே தங்கிவிட்டது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேலிடம் யோசிக்காமல் செய்கிற காரியம் ஒன்று உண்டென்றால் அது மூடுவதுதான். டாக்டரம்மாவுக்கு மாலை போட்டார்கள். மாலை வாங்கிய கையோடு அவர் இருமிய இருமலில் பூவெல்லாம் உதிர்ந்தது. நர்ஸக்காவுக்கு வேறு ஊர். ஆம்புலன்சுக்கு டீசல் கிடையாது. சைரனை மட்டும் விட்டுவைத்தார்கள், காவலுக்கு. எதற்குக் காவல்? விடுதிக்கு. ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் ஒரு கணக்கு, விடுதி மானியத்தின் கணக்கு. ஆஸ்பத்திரியை மூடியவர்களுக்கு விடுதியை மூட அதிகாரம் இல்லை.

மகாராணியை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை அவள் பிரிக்க விடவில்லை, அரசாங்கச் சொத்து என்றாள். திரும்பிப் படுத்தால் அது சரசரவென்று பேசும். கதவிடுக்கில் ஈரத்துணி. இருமல் நிற்கவில்லை, ஆனால் இரண்டு இருமலுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் அவள் தூங்கினாள்.

ஒரு மத்தியானம் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய அதிகாரி மூக்கில் கைக்குட்டையும் முகத்தில் சலிப்புமாக விடுதியைப் பார்த்தார்.

"மானிய ஆபீஸ்லேர்ந்து வரேன். எந்த ஊர்லயும் விடுதில ஒரு மாணவனும் இல்ல. ஒரு ஊர்ல ஆடு கட்டியிருக்கான், ஒரு ஊர்ல மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சிருக்கான். இதுவும் காலிதானே? காலின்னா பூட்டி சீல் வெச்சுட்டுப் போறேன். காலியா இருக்கற ஊருக்கு மறுபடி ஆள் அனுப்பலாமான்னு பேச்சு நடக்குது."

"ஆள் எப்போ சார் வருவாங்க?"

"அதை மேலிடம் யோசிச்சுச் சொல்லும்."

சைரனுக்கு மேலிடத்தின் யோசனை தெரியும். வண்டியின் செத்துப்போன சைரனுக்குப் பதில் வராத வருஷங்கள் முழுவதும் அவன் தொண்டையில் இருந்தன. ஆனால் ஒருவேளை, இந்தத் தடவை, ஒருவேளை...

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

"யாரு உள்ள?"

காலி என்று சொன்னால் அறை போகும், அவள் மறுபடி ஓட்டு வீட்டுக்கு. எப்போதோ ஒரு டாக்டர் வரலாம், வந்து பார்க்க அவள் இருக்க வேண்டும். இதையெல்லாம் அவன் யோசித்து முடிக்கவில்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. அந்த வாய்க்குப் பழகிய வேலை அது.

"சின்ன டாக்டர் சார். உள்ள படிச்சிட்டிருக்காங்க."

அதிகாரியின் முகத்தில் விளக்கு எரிந்தது. "அப்படியா! இருக்காங்களா!" என்று கதவுக்குப் போனார். கண்ணாடி வழியாகக் கொக்கியில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. மரியாதையாக விரலால் தட்டினார். "டாக்டர்! தொந்தரவுக்கு மன்னிக்கணும். சௌகரியமா இருக்கீங்களா?"

பிளாஸ்டிக் சரசரத்தது. உள்ளே ஒரு மூச்சைத் தேடிப் பிடிக்கிற சத்தம். ஊரே நடித்தபோது நடிக்காத ஒருத்தி பதில் சொன்னாள்.

"படிச்சிட்டு... இருக்கேன்... சார்."

"இருமல் பலமா இருக்கே?" என்றார் அதிகாரி சைரனிடம்.

"தூசி சார். ஊரெல்லாம் இதே இருமல்தான். இந்தத் தூசிதான் சார் எல்லாரையும்..."

"தூசியா? இந்த ஊர்ல தூசியால கெடுதலே இல்லன்னு அறிக்கை இருக்குப்பா. அருமையான அறிக்கை, எல்லா ஊருக்கும் அதைத்தான் காட்டறோம். இது சும்மா சளியா இருக்கும். சுடுதண்ணி குடிக்கச் சொல்லு." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். "போட்ட மானியம் வீண் போகல. ஆள் இருக்கற ஊருக்கு இன்னொரு ஆள் தேவையில்லன்னு எழுதிடறேன். இல்லாத ஊருக்குப் போகட்டும், என்ன?"

லாரிகளைப் பள்ளத்தில் இறக்கிய அந்தத் தொண்டையிலிருந்து, "சரிங்க சார்," என்று வந்ததை அதிகாரி குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

கார் கிளப்பிய தூசி அடங்கும்வரை வெளியே நின்றான். பிறகு கதவை ஒருக்களித்துத் திறந்து உள்ளே புகுந்து, ஈரத்துணியைக் காலால் இடுக்கில் தள்ளினான்.

"என்னவாம்?" என்றாள்.

"நல்லா படிக்கச் சொன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பழக்க தோஷம், சைரனின் கை ரேடியோவுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. இருமலை யாரிடமிருந்து மறைப்பது? ஊரில் டாக்டர் யாரும் இல்லை.